ஜன்னலை அளந்த பங்காளி

மத்தியாஸ் பெரியப்பா என் அப்பாவுக்கு நேர் மூத்தவர். அவருக்கு ஒரே மகள், பவுலின். என்னைவிட ஏழு வயது பெரியவள். பெரியப்பா மகள் என்றால் எங்கள் சனத்தில் கூடப்பிறந்த அக்காதான், வேறு பேச்சில்லை. அவளைப் பற்றிச் சொல்ல வந்தால் என்னைப் பற்றியும் சொல்லத்தான் வேண்டியிருக்கிறது. என்னை விலக்கிவிட்டு அதைச் சொல்ல வழியில்லை.

இலங்கை மலைநாட்டில், அட்டனுக்குக் கீழே எங்கள் தேயிலைத் தோட்டம். பெரியப்பா துரை பங்களாவில் சமையல்காரர், கோக்கி என்போம். பெரியம்மா அம்மை கண்டு இறந்த பிறகு அப்பாவும் மகளும் ஐந்தாம் லயத்தில், அந்த வரிசை வீட்டில், கடைசிக் காம்பராவில் இருந்தார்கள். காம்பரா என்றால் ஒரே அறைதான். அக்கா சிஸ்டர்மார் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்பு வரை படித்தவள். துரைசாணிக்குக் கண்ணில் பூ விழுந்து எழுத்து மங்கியதும், வாசித்துக் காட்ட அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். அது நாற்பத்தொன்பதாம் வருசம்.

தினமும் பின்னேரம் நாலு மணிக்குத் துரைசாணி கணப்பு அடுப்புக்குப் பக்கத்தில் உட்காருவார். அக்கா முக்காலியில் உட்கார்ந்து வாசிப்பாள். எல்லாம் ஒரே அம்மாள் எழுதிய புத்தகங்கள். பாதிரியார் மகளாம், கலியாணம் கட்டாமலே செத்துப் போனாளாம். சீமையில் ராசாவுக்குப் புத்தி பேதலித்து, மகன் ராச்சியத்தைப் பார்த்துக்கொண்ட காலத்துக் கதைகள். முதல் இரண்டு மாதம் அக்காவுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. யாரும் யாரையும் அடிக்கவில்லை, வெட்டவில்லை. நாலு பேர் உட்கார்ந்து பேசுகிறார்கள், துரைசாணி விழுந்து விழுந்து சிரிக்கிறார். இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று விளங்காமல் வாசித்துக்கொண்டே போனாள். மூன்றாம் மாதம் ஒருநாள், ஒரு வரியை வாசித்துவிட்டுத் துரைசாணிக்கு முன்னால் அக்கா சிரித்துவிட்டாள். சிரித்துவிட்டுப் பயந்துபோனாள். துரைசாணி அவள் கையைத் தேடிப் பிடித்துக்கொண்டாராம். இங்கிலீசு தனக்கு வந்தது அன்றைக்குத்தான் என்பாள்.

பிறகு அது அவளுக்குப் பசி மாதிரி ஆகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் பீலிக்கரைக்குத் துணி துவைக்கப் போவாள். மலைத்தண்ணீர் மூங்கில் வழியே கொட்டுகிற இடம் அது. அங்கே பெண்கள் துணியை ஊறவைத்துவிட்டு அவளைச் சுற்றி உட்காருவார்கள். பையன்கள் மேலே கல்லில் உட்காருவோம். அக்கா கதையை அவிழ்ப்பாள்.

"அந்தக் காலத்துப் பொம்பளைங்க மெல்லிசான மல்லுத் துணியிலதான் கவுனு போடுவாங்களாம். பனி கொட்டுற ஊர்ல."

"வெறைச்சுச் சாகவா?" என்பாள் காளியாயி. எங்களுக்குப் பக்கத்துக் காம்பரா. வயது அறுபதுக்கு மேல், வாய்க்கு வயதே கிடையாது.

"ஆமா அத்தை. அந்தத் துணி நம்ம இந்தியாவுல இருந்துதான் போச்சாம். அப்புறம் தேயிலையைப் பொட்டியில போட்டுப் பூட்டி, சாவியை வீட்டம்மா இடுப்புல வச்சுக்குவா."

"நம்ம தேயிலையையா?"

"அப்ப இந்த மலையில ஏது தேயிலை? காடுதான். அது சீனாவுல இருந்து வந்தது."

"நாம ஆயறதைத்தான் பூட்டுறாங்கன்னு நெனச்சேன்" என்பாள் வேலாயி. "நமக்குத்தான் தூசி வருது." எல்லாரும் சிரிப்பார்கள்.

ஆட்டம் நடக்கும் பெரிய வீடுகள், ஆண் வந்து கேட்டால்தான் பெண் எழுந்து ஆடலாம் என்கிற ஒழுங்கு, மழையில் சேற்றில் நின்றுபோன குதிரை வண்டி, ஒரு கடிதத்துக்காக ஜன்னலோரம் நிற்கிற பெண். இதையெல்லாம் அக்கா பார்த்து வந்தவள் மாதிரிச் சொல்வாள். பெண்களுக்கு ஒன்றுதான் முதலில் தெரிந்தாக வேண்டும்: யார் யாருக்கு என்ன முறை. அது தெரியாவிட்டால் கதை ஓர் அடி நகராது.

அப்படித்தான் அந்தப் பங்காளி கதை வந்தது. ஒரு பெரிய வீடு. ஆண் வாரிசு இல்லை, மூன்று பெண்கள். தகப்பன் செத்தால் வீடு பெண்களுக்குக் கிடையாது. ஆண்வழியில் யார் இருக்கிறானோ அவனுக்குத்தான். தகப்பன் சளி கண்டு செத்துப் போகிறான். அந்த ஆள் துக்கம் கேட்க வருகிறான்.

"இருடி. இவன் அந்தப் பொண்ணுங்களுக்கு என்ன வேணும்?" என்றாள் காளியாயி.

"அப்பாவோட சித்தப்பன் பேரன்."

"அப்ப அண்ணன் முறை!"

"அதுல ஒரு பொண்ணை அவனுக்குக் கட்டிக் கொடுக்கலாம்னு தாய்க்காரி நெனைக்கிறா, வீடு போயிறக் கூடாதுன்னு."

"சீச்சீ! அண்ணனுக்கா? தாய்மாமன் மகன்னா சரி. வெள்ளைக்காரனுக்கு முறையே கெடையாதா?"

"அவங்களுக்கு எல்லாத்துக்கும் ஒரே சொல்லுதான் அத்தை. மாமன் மகனும் அதேதான், சித்தப்பன் மகனும் அதேதான்."

பெண்கள் வெகுநேரம் அதைப் பேசித் தீர்த்தார்கள். பிறகு அக்கா குரலைத் தணித்துக்கொண்டாள். "துக்கம் கேக்க வந்தவன் அந்தப் பொண்ணுங்க அழுதுக்கிட்டிருக்கிற காம்பராவுல ஜன்னல் வரைக்கும் நடந்து போயி, திரைக்கு எத்தனை கெஜம் வேணும்னு மனசுக்குள்ள அளக்குறான்."

வேலாயி காறித் துப்பினாள். "வெளங்குவானா அவன்?" என்று நானும் கல்லில் இருந்து துப்பினேன். எனக்கு அப்போது பதினேழோ பதினெட்டோ.

அக்கா மட்டும் திட்டவில்லை. "எழுதுன அம்மா அவனைத் திட்டவே இல்ல. அவன் கெட்டவன்னு அந்தம்மா சொல்லல. அளக்குறான்னு மட்டும் எழுதுறா" என்றாள்.

ஐம்பத்தாறாம் வருசம் தைமாதம் மத்தியாஸ் பெரியப்பா இறந்துபோனார். பங்களா அடுப்படியிலேயே சாய்ந்துவிட்டார். அதே மாதம் துரை வேலையை விட்டுச் சீமைக்குப் போகப்போவதாகச் செய்தி வந்தது. அக்காவுக்கு இருபத்தொன்பது வயது. அவள் வாசித்தது துரையின் சொந்தச் செலவில். தோட்டத்துப் பேர்ப்பட்டியலில், செக்ரோல் என்பார்களே, அதில் பெரியப்பா பேர் இருந்தது, அவள் பேர் கிடையாது. பேர் இல்லாதவருக்குக் காம்பரா இல்லை. பெரியப்பா பேரில் இருந்த காம்பரா அவர் வழியில் யாராவது ஆணுக்குப் போகும் என்று கணக்கப்பிள்ளை சொன்னார். என் அப்பாவுக்கு ஏற்கெனவே காம்பரா இருந்தது. பெரியப்பா வழியில் மிச்சம் இருந்த ஆண் நான்தான்.

எங்கள் அப்பா காம்பராவில் அப்போது எட்டுப் பேர். எனக்கு மரியரட்ணத்தைப் பேசி முடித்திருந்தார்கள். ஈஸ்டர் கழிந்து கலியாணம். புதுப்பெண்ணை எங்கே கூட்டி வருவது என்று அம்மா ராத்திரி பகலாகப் புலம்பிக்கொண்டிருந்தாள். கணக்கப்பிள்ளை கூப்பிட்டு என் பேரை எழுதியபோது, மனதுக்குள் எனக்குச் சந்தோசம்தான். இல்லை என்று சொன்னால் பொய்.

பதினாறாம் நாள் செபம் முடிந்து எல்லாரும் கலைந்திருந்தார்கள். அக்கா ஒரு மூலையில் பெரியப்பாவின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். ஆறுதல் சொல்லத்தான் போனேன். சத்தியமாக அதற்குத்தான் போனேன். நின்ற இடத்தில் இருந்து எதிர்ச்சுவர் வரைக்கும் கால் நடந்தது. கட்டிலைச் சுவரோரம் போட்டால் அடுப்புக்கு இடம் இருக்குமா என்று ஓடியது புத்தி. அடிமேல் அடி வைத்துப் போனேன்.

"எத்தனை அடிடா தம்பி?" என்றாள் அக்கா.

"ஒன்பது" என்றேன்.

சொன்ன பிறகுதான் என் வாயில் இருந்து வந்தது என்ன என்று விளங்கியது. அக்கா சிரித்தாள். அந்தப் புத்தகத்தை வாசிக்கும்போது சிரிக்கிற அதே சிரிப்பு. கையில் பெரியப்பாவின் சட்டை அப்படியே இருந்தது.

மறுநாள் விடிகாலை, வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டுக் களத்தில் கணக்கப்பிள்ளையைப் பிடித்தேன்.

"ஐயா, காம்பராவை எங்க அக்கா பேருலயே எழுதிருங்க."

"பங்களாக்காரிக்கு ஏதுடா பேரு? ஒனக்கு வேணாமா, சொல்லு. நாளைக்கே மேல் லயத்துல இருந்து ஒரு குடும்பத்தைக் குடியேத்திர்றேன்."

நான் வரிசைக்குத் திரும்பிப் போனேன். அவர் அடுத்த பேரைக் கூப்பிட்டார். துரைசாணியும் துரையிடம் சொல்லிப் பார்த்தாராம். போகிற நேரத்தில் தோட்டத்து வழக்கத்தில் கை வைக்கமாட்டேன் என்று துரை சொல்லிவிட்டாராம். "ஜன்னலை அளக்கிற அந்தப் பக்கத்தை எத்தனை தடவை வாசிக்கச் சொல்லிச் சிரித்திருக்கிறேன்" என்று துரைசாணி அழுதாராம். அந்தப் புத்தகத்தை அக்காவிடமே கொடுத்துவிட்டுப் போனார்.

"நடுவுல ஒரு சேலையைக் கட்டிக்குவோம். இங்கயே இரு அக்கா" என்று கெஞ்சினேன்.

"ஒனக்கும் புதுப்பொண்டாட்டிக்கும் நடுவுல நான் எதுக்குடா? ஒன்மேல கோவம் இல்ல. வழக்கம் அப்படி" என்றாள். "ஆனா இனிமே இன்னொருத்தர் பேருல இருக்கிற காம்பராவுல நான் இருக்கப் போறதில்ல."

பொகவந்தலாவையில் ஒரு தோட்டத்தில் அவளுடைய சின்னம்மா நாகலெட்சுமி இருந்தாள். ஒரு தகரப்பெட்டியோடு அங்கே போனவள், அந்தத் தோட்டத்துச் செக்ரோலில் கொழுந்து ஆய்பவளாகத் தன் பேரை எழுதிக்கொண்டாள். பங்களாவில் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தவள் இடுப்பில் படங்குச் சாக்கைக் கட்டிக்கொண்டு, கூடையைத் தலையில் மாட்டி, அட்டைக்கடியோடு மலை ஏறினாள். இரண்டு வருசம் கழித்து அவள் பேருக்கே ஒரு காம்பரா கிடைத்ததாம். சொந்தக்காரர் வழியாக இதெல்லாம் காதுக்கு வந்தது. நேரே போய்ப் பார்க்க எனக்கு முகம் இல்லை.

இங்கே பீலிக்கரையில் கொஞ்ச நாள் பெண்கள் என்னைத்தான் கேட்டார்கள். "நீதான் கேட்டவனாச்சே செபமாலை. அந்தப் பொண்ணுங்க என்ன ஆனாங்க? சொல்லேன்" என்பாள் காளியாயி. குத்திக் கேட்டாளா, தெரியாமல் கேட்டாளா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. தெரியாது அத்தை என்று தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

அறுபத்துநாலு கடைசியில், தோட்டத்துத் தமிழரில் பாதிப்பேரை இந்தியாவுக்கு அனுப்ப இரண்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டுவிட்டதாகச் செய்தி வந்தது. யார் இங்கே, யார் அங்கே என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அப்போதுதான் துணிந்தேன். அவளையும் எங்கள் குடும்பத்தோடு எழுதினால் பிரியாமல் இருக்கலாம் என்று ஒரு சாக்கு கிடைத்தது. பஸ் வளைந்து வளைந்து ஏறியது. என் மூத்த மகளை மடியில் வைத்திருந்தேன். அவளுக்கும் பவுலின் என்றுதான் பேர்.

அக்காவின் விரல்கள் கறுத்து வெடித்திருந்தன. புத்தகம் சாமிப்படத்துக்குக் கீழே, அட்டை போய், துணியில் சுற்றி இருந்தது.

"வாடா. வந்ததும் வந்த, அளந்து பாரு. இதுவும் ஒன்பதுதான்" என்றாள்.

நான் தலை குனிந்தேன். வந்த காரியத்தைச் சொன்னேன்.

"என் பேரு தனியா எழுதியிருக்கு. போனாலும் இருந்தாலும் அது தனியாவே இருக்கட்டும்" என்றாள். பிள்ளைக்குத் தேத்தண்ணியை ஆற்றிக் கொடுத்தாள்.

வெகுநேரம் கழித்துத்தான் கேட்டேன். "அக்கா, அந்தக் கதை எப்படி முடிஞ்சிச்சு?"

"பொண்ணுங்க எல்லாம் நல்லாயிருந்தாங்க. வேற வேற வீட்டுக்குப் போயிட்டாங்க."

"அந்த வீடு?"

"அது அவனுக்குத்தான்."

"அப்புறம் அவன்? அந்தப் பங்காளி என்ன ஆனான்?"

அக்கா என்னைப் பார்த்தாள். இந்தத் தடவை சிரிக்கவில்லை.

"அவனைப் பத்தி அந்தம்மா அதுக்கு மேல எழுதல" என்றாள். "எத்தனையோ தடவை தேடிப் பார்த்துட்டேன்டா. ஒரு வரி கூட இல்ல."