சாணுக்கு ஒரு தையல்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. வேலூரில் இரண்டு துடுப்புகளைத் தூக்கிக்கொண்டு ஆம்பூர் பஸ்ஸில் ஏறினேன். ஒவ்வொன்றும் என்னைவிட ஒரு முழம் உயரம்.

கண்டக்டர் மேலும் கீழும் பார்த்தார்... துடுப்பை அல்ல, என்னை.

“இன்னா சார் இது?”

“துடுப்பு. படகு ஓட்டறது.”

“ஆம்பூர்லயா? பாலாத்துல மணல்தான சார் கீது?”

“ஏரியில தண்ணி இருக்குங்க” என்றேன். அவர் நம்பவில்லை. துடுப்புகளைக் கடைசி சீட்டுக்குப் பின்னால் சாத்தச் சொன்னார். இறங்கும் வரை என்னை ஒரு மாதிரியாகவே பார்த்துக்கொண்டு வந்தார். அவரைக் குறை சொல்ல முடியுமா? கடலைப் பார்க்கவே நாலு மணி நேரம் பயணம் செய்ய வேண்டிய ஊர் எங்களுடையது.

நானும் என் நண்பன் குணசீலனும் இதற்கு முன்பே இரண்டு படகுகள் கட்டியிருக்கிறோம். பொம்மைப் படகு இல்லை — ஆள் உட்கார்ந்து போகிற நிஜப் படகு. முதல் படகு மிதந்தது. ஆனால் ஒருவர் துடுப்புப் போட்டால் இன்னொருவர் பக்கெட்டில் தண்ணீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டாவது ஒழுகவே இல்லை. தூக்கத்தான் ஆறு பேர் வேண்டும். ஏன் இந்த வேலை என்று கேட்காதீர்கள். சிலர் புறா வளர்க்கிறார்கள். நாங்கள் படகு கட்டுகிறோம்.

மூன்றாவது படகின் கதைதான் இந்த வாரம்.

குணசீலன் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் பிரிவு சூப்பர்வைசர். அவன் மனைவி எஸ்தர் இன்னொரு கம்பெனியில் குவாலிட்டி செக்கர். என்னை அண்ணா என்று கூப்பிடுகிற பெண், அந்த உரிமையில் ‘அவள்’ என்றே எழுதுகிறேன். ஷூவில் பிசிறு, கோணல் தையல், பசைக் கறை — எது கண்ணில் பட்டாலும் அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு அம்பு ஸ்டிக்கரை ஒட்டி ஓரமாக வைப்பது அவள் வேலை. இருபது வருஷமாக இதையே செய்கிறாள். அவள் வீட்டில் தோசை வார்ப்பதற்கே பயப்பட வேண்டும்.

இந்த முறை நாங்கள் தேர்ந்தெடுத்தது தையல் படகு. பிளைவுட் பலகைகளை வெட்டி, ஓரங்களில் ஓட்டை போட்டு, செம்புக் கம்பியால் சேர்த்துத் தைத்து, மூட்டுகளில் எபாக்ஸி பசை பூசுகிற முறை. ஆணி கிடையாது. எடையும் கம்மி. வரைபடத்தைப் பார்த்ததும் குணசீலன் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

“தையல்னா நம்ம வேலைடா. இதுல எவன் நம்மள அடிச்சுக்க முடியும்?”

நல்ல நேரம் பார்த்து மழையும் பெய்து, பல வருஷமாகக் காய்ந்து கிடந்த ஏரி ரொம்பிவிட்டது. எஸ்தரும் ஒரு கண்டிஷன் போட்டுவிட்டாள். அவர்கள் வீட்டு வண்டி ஷெட்டில்தான் எங்கள் படகு வேலை நடக்கிறது. அதனால் அவளுடைய ஸ்கூட்டி ஐந்து வருஷமாக வெயிலிலும் மழையிலும் நிற்கிறது.

“அண்ணா, நீங்களே சாட்சி. ஏரி வத்தறதுக்குள்ள இது தண்ணி ஒழுகாம மிதக்கணும். இல்லைன்னா ஷெட்டு எனக்கு. அப்பறம் படகுன்னு பேச்சே எடுக்கக் கூடாது.”

குணசீலன் யோசிக்காமல் தலையாட்டினான். அந்த ஷெட் போனால் எங்களுக்கு வேறு இடம் கிடையாது. என் வீடு மாடியில் இருக்கிறது.

வரைபடத்தில் சாணுக்கு ஒரு ஓட்டை என்று போட்டிருந்தது. குணசீலனுக்கு அது அவமானமாகப் பட்டது.

“சாணுக்கு ஒரு தையலா? இந்த மாதிரி ஷூ தைச்சு அனுப்புனா எஸ்தர் மாதிரி செக்கருங்க மூஞ்சிலயே அடிப்பாங்க. நெருக்கமா போடு. ஜாஸ்தி தையல், ஜாஸ்தி கெட்டி.”

எனக்கும் நியாயமாகத்தான் தோன்றியது. விரல் அகலத்துக்கு ஒன்றாக டிரில் போட்டோம். இரண்டு ஞாயிறு அதற்கே போயிற்று. பார்க்க எவ்வளவு அழகு தெரியுமா? நூல் பிடித்த மாதிரி வரிசை.

மூன்றாவது ஞாயிறு, முன்முனைக்காகப் பலகையை வளைத்துக் கம்பியை முறுக்கினோம். ‘சர்ர்ர்’ என்று ஒரு சத்தம். தபால் தலையைக் கிழிக்கிற மாதிரி ஓட்டை வரிசை நெடுகப் பலகை கிழிந்து வந்துவிட்டது.

தெரியாத வேலையில் நாம் பயந்து பயந்து கை வைக்கிறோம். தெரிந்த வேலை மாதிரி இருக்கிற வேலையில்தான் கோட்டை விடுகிறோம். சமையல் தெரிந்தவர் ஆஸ்பத்திரிப் பத்தியத்தில் உப்பு போடுவதும், வண்டி ஓட்டத் தெரிந்தவர் வழி கேட்காமல் அரக்கோணம் போய்ச் சேருவதும் இப்படித்தான்.

சத்தம் கேட்டு எஸ்தர் வந்தாள். கிழிந்த இடத்தைப் பார்த்தாள். உள்ளே போய் ஹேண்ட் பேகிலிருந்து ஒரு சிவப்பு அம்பை எடுத்து வந்து அங்கே ஒட்டினாள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

புதுப் பலகை வாங்கி மறுபடி ஆரம்பித்தோம். இந்த முறை சாணுக்கு ஒன்றுதான். கை அரிப்பெடுத்த குணசீலன் நடுவில் இன்னொன்று போடப் பார்க்க, நான் டிரில்லைப் பிடுங்கி வைத்துக்கொண்டேன். ஏரியில் வாரத்துக்கு வாரம் தண்ணீர் இறங்கிக்கொண்டிருந்தது. மதகைத் திறந்து கழனிக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். விவசாயிகளிடம் போய், எங்கள் படகுக்காகக் கொஞ்சம் நிறுத்துங்கள் என்று சொல்ல முடியுமா?

ஒருவழியாகப் போன ஞாயிறு படகு தயார். நான் துடுப்போடு போய்ச் சேர்ந்தேன். இரண்டே பேர் தூக்கிக் குட்டி யானை வண்டியில் ஏற்றினோம். ஏரிக்கரையில் ஆடு மேய்ப்பவர்கள், துணி துவைப்பவர்கள் என்று ஒரு கூட்டமே கூடிவிட்டது. முழங்கால் தண்ணீரில் படகைத் தள்ளிப் போய், லைஃப் ஜாக்கெட்டோடு இருவரும் ஏறினோம்.

மிதந்தது! கூட்டத்தில் யாரோ கை தட்டினார்கள். இருபது தடவை துடுப்புப் போட்டிருப்போம். குணசீலன் குனிந்து கீழே பார்த்தான். முகம் செத்துப்போயிற்று.

காலடியில் தண்ணீர்.

கரைக்குத் திருப்பினோம். எஸ்தர் ஓரத்திலேயே நின்றிருந்தாள். அவன் அவளை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

“தோத்துட்டேன் எஸ்தர். ஷெட்ட நீ எடுத்துக்க.”

“இருங்க. செக் பண்ணாம ரிஜெக்ட் போடக் கூடாது.”

எங்களை இறங்கச் சொன்னாள். சேலையைச் சொருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். படகின் உள்பக்கத்தைத் துண்டால் சொட்டு இல்லாமல் துடைத்தாள். இரண்டு பெரிய கற்களை எடுத்துவரச் சொல்லி, எங்களுக்குப் பதில் உள்ளே வைத்தாள். செல்போனில் டைம் பார்த்தபடி, படகைப் பிடித்துக்கொண்டு கால் மணி நேரம் அப்படியே நின்றாள். பிறகு மூட்டு மூட்டாக விரலால் தடவினாள்.

“மூட்டெல்லாம் காஞ்சி கீது. அது உங்க ரெண்டு பேர் பேண்ட்ல இருந்து வடிஞ்ச தண்ணி. முழங்கால் தண்ணில நனைஞ்சிட்டு ஏறுனா வடியாம இன்னா பண்ணும்? படகு பாஸ்.”

பேசாமல் இருந்திருந்தால் ஷெட் அவளுடையது. ஐந்து வருஷமாக மழையில் நனைந்த ஸ்கூட்டிக்குக் கூரை கிடைத்திருக்கும். அது தெரிந்துதான் கால் மணி நேரம் தண்ணீரில் நின்றாள். எனக்குக் கண் கலங்கியது. துடுப்பைத் துடைக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன்.

சாயங்காலம் வீடு திரும்பியதும் குணசீலன் முதல் வேலையாக, ஒழுகுகிற அந்த முதல் படகைச் சுவரோரம் நிமிர்த்திச் சாத்தி, ஷெட்டில் பாதியை ஒழித்து, ஸ்கூட்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். அவளிடம் அனுமதி கேட்கவுமில்லை, சொல்லிக் காட்டவுமில்லை.

பஸ் ஏற்றிவிட வந்தபோது என்னிடம் சொன்னான். “கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்துல அவ கையால நான் வாங்குன மொத பாஸ் இதான்டா.”

நான் நம்பவில்லை. ரிஜெக்ட் ஆன பீஸை அவள் இத்தனை வருஷம் வீட்டிலேயே வைத்திருப்பாளா என்ன?