எட்டு வருஷமாக ஒரே நட்சத்திரம்

அந்த வானாய்வு மையத்தில் அவளுக்குச் 'சுத்துக்காரி' என்று பெயர். எட்டு வருஷமாக ஒரே நட்சத்திரத்தைக் கட்டிக்கொண்டு அழுகிறவளுக்கு வேறென்ன பெயர் வைப்பார்கள்!

அது லேசுப்பட்ட நட்சத்திரமா? சூரியனைப்போல் எட்டு மடங்கு எடை. அந்த உடம்பை வைத்துக்கொண்டு ஒரே நாளில் ஒரு சுற்று. தான் ஊதித் தள்ளும் வாயுவைக்கூட ஓடவிடாமல், காந்தத்தால் பிடித்து மேகமாக்கிக் கூடவே இழுத்துச் சுற்றும் மகா கஞ்சன். அந்த மேகம் குறுக்கே வந்தால் ஒளி மங்கும். கணக்குப்படி மங்க வேண்டிய நேரத்தைவிடத் தாமதமாக மங்கினால், காந்தம் சுழற்சிக்குக் கடிவாளம் போடுகிறது என்று அர்த்தம். அவளுக்கு வேண்டியது அந்த ஒரே ஒரு அளவுதான்.

கொடுமை என்னவென்றால், அதன் சுற்று நம் நாளைவிட ஒரு நிமிஷம்தான் அதிகம். எந்த ராத்திரி பார்த்தாலும் ஏறக்குறைய அதே முகம். மங்கும் நேரம் நகர்ந்து நகர்ந்து மறுபடி ராத்திரியில், நட்சத்திரம் உச்சியில் நிற்கும்போது வர நாலு வருஷம்; வந்தாலும் பத்து நாள்தான். முதல் தடவை பார்த்துவிட்டாள்; கணக்குப் போட்டதே அதை வைத்துத்தான். அடுத்த தடவை அடைமழை. இப்போது வானம் துடைத்து வைத்ததுபோல் இருக்க, தொலைநோக்கியின் கண்ணாடியைக் கழற்றிப் புதுப் பூச்சுக்கு அனுப்ப உத்தரவு.

"பத்து நாள் தள்ளிப் போடுங்க சார்."

"நட்சத்திரம் எங்கம்மா ஓடிப்போகுது?" என்றார் இயக்குநர். "அடுத்த தடவை பாத்துக்கலாம்."

"அடுத்த தடவை நான் ரிட்டயர் ஆகியிருப்பேன் சார்!"

அவர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து கதவைப் படாரென்று சாத்தினாள். துணி மடித்துக்கொண்டிருந்த கணவர் முழுக்கதையையும் கேட்டார்.

"ஏன், வேற நாட்டுல தொலைநோக்கியே இல்லையா?"

"என் நட்சத்திரத்தை ஊரான் கையில குடுக்கச் சொல்றீங்களா?"

"இத்தனை வருஷம் உன் கையில இருந்து என்னத்தைக் கண்டே?"

அவளுக்குச் சுருக்கென்றது. அன்றைக்கே, கிழக்கே வேறொரு நாட்டில் வேலை பார்க்கும், ஒரு கூட்டத்தில் பழக்கமான பெண்ணுக்கு மெயில் அனுப்பினாள். பல்லைக் கடித்துக்கொண்டுதான்.

மூன்றாம் நாள் பதில் வந்தது. ஒன்பது நிமிஷம் தாமதமாக மங்கியிருந்தது. கடிவாளம் உண்மைதான்! கீழே ஒரு வரி: 'நாலு வருஷத்துக்கு முன்னாடி உங்க ஊர்ல மழைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, அப்பவே எடுத்துக் குடுத்திருப்பேனே அக்கா.'

"என்ன, கிடைச்சுதா?" என்றார் கணவர்.

"கிடைச்சுது," என்றாள் எரிச்சலாக. "வாயத் தொறந்து கேட்டிருந்தா நாலு வருஷத்துக்கு முன்னாடியே கிடைச்சிருக்கும்."