தங்கச்சி வீட்டில் போட்ட பெருக்கல் குறி

இங்கே சிங்கப்பூரில் நான் வேலை பார்க்கும் கட்டடத்தில் காலை நேரத்தில் ஒரு காட்சியை அடிக்கடி பார்க்கலாம். நேற்று ஒருவர் கட்டிய சுவரை இன்று அவரே சுத்தியலால் உடைத்துக்கொண்டிருப்பார். முகத்தில் கோபம் இருக்காது. வாயில் சிகரெட் புகையும், பக்கத்தில் நிற்பவரிடம் ஏதோ சொல்லிச் சிரிப்பார். அந்தச் சுவரில் சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி இருக்கும். அதைப் போட்டவன் நான். மத்தியானம் அதே ஆள் எனக்கு ஒரு கிளாஸ் கோப்பி வாங்கி நீட்டுவார். இந்த ஊருக்கு வந்து இத்தனை வருஷமாகியும் அதை வாங்கும்போது எனக்குக் கை கூசுகிறது.

ஊரில் நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். அப்பாவுக்கு ஒரு தறிதான், ஆண்பிள்ளைகள் மூன்று. தறிக்கு அண்ணன்மார் இருவரும் போதும் என்று ஆனதால் நான் சித்தாளாகப் போனேன். காஞ்சிபுரத்தில் இந்தத் தொழிலில் ஒருவன் மேலே வரும் வழி எல்லோருக்கும் தெரியும். கலவைச் சட்டி தூக்கியவன் கரணை பிடித்துக் கொத்தனாராவான். கரணை பிடித்தவன் சொந்தமாகக் கொஞ்சம் தளத்துக்கு அடியில் அடிக்கும் சென்ட்ரிங் பலகையும், முட்டுக்கொடுக்கச் சவுக்குக் கட்டையும் வாங்கிவிட்டால் மேஸ்திரி. என்னோடு ஒரே சாரத்தில் ஏறிய மாகறல் கன்னியப்பன் அப்படித்தான் மேஸ்திரி ஆனான். கட்டியதைச் சரிபார்ப்பதற்கென்றே ஒரு ஆள் இருப்பான், அதற்குச் சம்பளமும் உண்டு என்பதை அங்கே யாரும் நம்பவில்லை. இங்கே இன்ஸ்பெக்டர் வேலை கிடைத்தபின் முதல் லீவில் போய் என் உத்தியோகத்தைச் சொன்னபோது கன்னியப்பன், "வேல செய்யறவனப் பார்த்துக்கினு நிக்கறது ஒரு வேலையாபா? அத எங்க தெருவுல கெழவனுங்க சும்மாவே செய்யறானுங்க" என்றான். எல்லோரோடும் சேர்ந்து நானும் சிரித்தேன்.

இங்கே ஏணி வேறு மாதிரி. பகலில் கொத்து வேலை பார்த்துக்கொண்டே மாலை வகுப்புக்குப் போய் பிளான் படிக்கக் கற்றேன். இங்கிலீஷ் எழுத்து தடவித் தடவித்தான் வரும். கோடும் எண்ணும் சீக்கிரம் வந்துவிட்டன. கம்பியை எவ்வளவு நெருக்கமாகக் கட்டுவது, கான்கிரீட் எத்தனை நாள் நனைய வேண்டும் என்பதெல்லாம் படித்தால் வந்துவிடுகிறது. எனக்கு வராமல் போனது, எதிரே நிற்பவர் முகத்தைப் பார்த்துக் "கூடாது" என்று சொல்வதுதான். எங்கள் பக்கத்தில் ஒருவர் வேலையில் குறை இருந்தால் அவரை டீக்கடைக்குக் கூட்டிப்போய், வேறு பேச்செல்லாம் பேசிவிட்டு, கடைசியில் தணிந்த குரலில் சொல்வோம். உதவி இன்ஸ்பெக்டராகப் போட்ட புதிதில் ஒரு காண்ட்ராக்டர் தூண் கம்பியைக் காட்டி மலாய் மொழியில் மளமளவென்று விளக்கினார். அவர் முடிக்கட்டும், பிறகு குறையைச் சொல்லலாம் என்று "ஓகே, ஓகே" என்று தலையாட்டினேன். நான் திரும்பி வருவதற்குள் கான்கிரீட்டைக் கொட்டிவிட்டார். எனக்கு மேலதிகாரியான லிம் அந்தத் தூணை இடிக்கச் சொன்னார். என்னைத் திட்டவில்லை. ஒரு பெட்டி சாக்பீஸைக் கையில் கொடுத்து, இனி வாயைத் திறக்காதே, இதை வைத்துப் பேசு என்றார். கூச்சக்காரனுக்கு அது பெரிய உபகாரம். அதை வைத்துத்தான் நான் முழு இன்ஸ்பெக்டர் ஆனேன்.

போன தை மாதம் லீவில் போனபோது, பிள்ளையார்பாளையத்தில் என் தங்கச்சி சகுந்தலா வீடு கட்டிக்கொண்டிருந்தாள். அவள் வீட்டுக்காரர் ஏகாம்பரம் பட்டு நெய்கிறவர். சர்க்கார் அளந்து கொடுக்கும் பெர்மிட் சிமெண்டுக்கு மாதக்கணக்கில் அலைந்து, தளம் போடும் அளவுக்கு வந்திருந்தார். மேஸ்திரி கன்னியப்பன். தளம் போடும் நாள் எங்கள் பக்கம் பாதிக் கல்யாணம். மேஸ்திரிக்கு வேட்டி துண்டு, ஆட்களுக்குச் சாப்பாடு. முதல் சட்டிக் கலவையில் மஞ்சள் தூவி, நல்ல நேரத்துக்குள் வீட்டுக்காரி கையால் கொட்ட வேண்டும்.

சகுந்தலா சட்டியோடு நிற்கும்போதுதான் நான் மேலே ஏறினேன். வாசலுக்கு மேலே நாலடி வெளியே நீட்டியிருந்த சன்ஷேடில் கம்பி பலகையை ஒட்டி அடியில் கிடந்தது. உள்தளத்துக்கு அது சரி. ஒரு பக்கம் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு நீட்டி நிற்கும் தளத்துக்குக் கம்பி மேலே இருக்க வேண்டும். இல்லாவிட்டால் முட்டுக் கட்டைகளை எடுத்தபின் சுவரோரம் பிளந்து மொத்தமும் கீழே வரும். அந்த நிழலில்தான் அவள் பிள்ளைகள் உட்கார்ந்து நூல் சுற்றப்போகிறார்கள். நல்ல நேரம் முடிய இன்னும் சில நிமிஷங்களே இருந்தன. கொட்டத் தொடங்கிவிட்டால் நிறுத்த முடியாது. சொல்ல வாயெடுத்தேன், வரவில்லை. கை தானாகச் சட்டைப் பையில் எப்போதும் கிடக்கும் சாக்பீஸை எடுத்தது. குனிந்து ஓரப் பலகையில் பெரிதாக ஒரு பெருக்கல் குறி போட்டேன்.

நல்ல வேளையில் வீட்டின்மேல் என்ன போட்டான் பாருங்கள் என்று சகுந்தலாவின் மாமியார் அழுதுகொண்டே கீழே இறங்கிப் போனார். கன்னியப்பன் தோளில் கிடந்த புதுத் துண்டை எடுத்துக் கம்பியின்மேல் போட்டான்.

"இன்னாபா இது, கணக்கு தப்பாப் போட்ட பையனுக்கு வாத்தியார் போடற மாரி? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? நீயும் நானும் ஒரே சாரத்துல நின்னவங்கதானே."

சகுந்தலா சட்டியைக் கீழே வைத்துவிட்டு, "அண்ணா, வாயத் தொறந்து சொல்லு. எனக்குப் புரியற மாரி சொல்லு" என்றாள்.

"கம்பி அடியில இருக்குதுமா. மேல வரணும். இப்டியே ஊத்தினா ஒருநாள் வுழுந்துடும். கீழ பசங்க இருப்பாங்க."

அவ்வளவுதான் சொன்னேன். கன்னியப்பன் குனிந்து வெகுநேரம் பார்த்தான். பிறகு எல்லோர் காதிலும் விழும்படி, "ரெண்டடிக்கு இப்டிதான் கட்டிக்கினு வந்தேன், எல்லாம் நிக்குது. நாலடி இதான் மொத தடவ" என்றான். அப்படிச் சொல்ல எத்தனை பேருக்கு மனசு வரும் என்று தெரியவில்லை. அவனே உட்கார்ந்து கட்டுக்கம்பியை அவிழ்த்தான். நான் எதிரே உட்கார்ந்து கம்பியைத் தூக்கிப் பிடித்தேன். நல்ல நேரம் போய்விட்டது. ஏகாம்பரம் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, எங்களுக்குக் கட்டுக்கம்பி எடுத்துக் கொடுத்தார். வேலை முடிந்ததும் சகுந்தலா குறியை முந்தானையால் துடைத்து, அந்த இடத்தில் குங்குமம் வைத்து, சட்டியை எடுத்துக் கொட்டினாள். மாமியார் மேலே வரவே இல்லை.

மத்தியானம் எனக்கு இலை போட்டுப் பரிமாறும்போது சகுந்தலா, "நீ சொன்னது சரிதாண்ணா. ஆனா இனிமே எங்க வூட்டுக்கு வந்தா மேல பாக்காத, கீழ பார்த்து நட" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

முட்டு எடுத்துப் பலகை பிரிப்பதற்குள் என் லீவு முடிந்துவிட்டது. எந்த நாளில் பிரிப்பது என்று மட்டும் ஏகாம்பரம் முன்கூட்டியே சொல்லியிருந்தார். அன்று நான் இங்கே பத்தாவது மாடியில் நின்றேன். யாரோ குடிவரப்போகும் வீட்டில் ஆட்கள் பலகை பிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முட்டு விழும்போதும் தலைக்கு மேலே இருந்த அந்தக் கூரையை நிமிர்ந்து பார்த்தேன். பிள்ளைகளை விலகிப் போகச் சொல்ல வேண்டும்போல் இருந்தது. அந்த மாடியில் பிள்ளைகள் யாரும் இல்லை.