எழுபத்தேழு செருப்புகள்

1971 ஆகஸ்ட் 13, வெள்ளிக்கிழமை, மாலை ஆறு நாற்பது. மேகம் மூடியிருந்தது, மழையும் இல்லை, காற்றும் இல்லை. ராயபுரத்தில் எங்கள் தெரு மசூதி வாசலில் இருபத்தாறு தாய்மார்கள், ஒரு கையில் தண்ணீர்ச் செம்பு, மறு கையில் பிள்ளை. பத்தொன்பது பேர் நெற்றியில் பொட்டு, நால்வர் கழுத்தில் சிலுவை, மூவர் தலையில் முக்காடு. தொழுகை முடித்து வருகிறவர்கள் பிள்ளைகளின் முகத்திலும் தண்ணீரிலும் ஓதி ஊதிவிட்டுப் போனார்கள். தூக்கத்தில் அலறுகிற பிள்ளை, சோறு இறங்காத பிள்ளை, வாய் திறக்காத பிள்ளை, எல்லாருக்கும் இங்கே ஒரே வார்த்தைதான்: பயந்துவிட்டது. பர்மாவிலிருந்து கப்பலில் வந்து ஆறு ஆண்டுகளாக நான் அந்த வாசலைக் கடந்து போயிருக்கிறேன், நின்று பார்த்ததில்லை.

ரங்கூனில் இருப்பவர்களுக்கு என்னைத் தெரியும். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் முப்பத்தோர் ஆண்டுகள், மனம் நொந்த பிள்ளைகளைப் பேச்சாலும் விளையாட்டாலும் தேற்றுவதே என் உத்தியோகம். ‘சயா’, அதாவது ஐயா, என்று தாய்மார்கள் எழுந்து நிற்பார்கள். வீட்டுக்காரியை அந்த மண்ணுக்குக் கொடுத்துவிட்டு இங்கே வந்தேன். அதே வேலையைச் சம்பளமில்லாமல் செய்ய ஒரு பள்ளிக்கூடத்தில் அறை கேட்டு வாங்கி, ‘பிள்ளைகள் மனநல சிகிச்சை, இலவசம்’ என்று பலகை மாட்டினேன். ஒன்பது ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்தேன். வந்தவை இரண்டு ஆடுகள்.

அன்றைய வரிசையில் பக்கத்து வீட்டு மேரியும் நின்றாள். துறைமுகத்தில் பளு விழுந்து கணவன் இறந்து நான்கு மாதம். அன்றிலிருந்து ஒன்பது வயது மகள் ரோஸ்லின் ஒரு சொல் பேசவில்லை. மாதக் கடைசிக்குள் பேசாவிட்டால், இப்படிப்பட்டவர்களைச் சங்கிலியில் கட்டிவைக்கும் ஓர் இடத்தில் விட்டுவருவதாகக் கொழுந்தன் சொல்லியிருந்தான்.

“ஏம்மா, என் ரூமுக்கு வரலியே?” என்றேன்.

“அந்த போர்டாண்ட வந்தா பைத்தியம்னு முத்திர குத்திடுவாங்க நைனா. அப்பால இத்த எவன் கட்டுவான்? இங்க வந்தா பயந்துகினு கீது, அவ்ளோதான்.”

என் தப்பு எனக்கு விளங்கியது. மறுநாளே பலகையைக் கழற்றினேன். மசூதியில் தொழுகை நடத்தும் ஹஜ்ரத்திடம் போய், வாசலோரம் ஒரு பெஞ்சு போட அனுமதி கேட்டேன்.

“போடுங்க பெரியவரே. நாங்க ஊதறோம், நீங்க ஒங்க வேலயப் பாருங்க. அல்லா ரெண்டையும் பாத்துக்குவான்” என்றார்.

முதல் நாள் மேரி என்னிடமும் செம்பை நீட்டினாள். “ஊது நைனா.”

“நான் ஊதறவன் இல்லம்மா. புள்ள சொல்றதக் கேக்கறவன்.”

“அது பேசாததுதானே பேஜாரே. இன்னாத்த கேப்ப?”

வரிசையே சிரித்தது. நான் ரோஸ்லினிடம் ஒன்றும் கேட்கவில்லை. பக்கத்தில் உட்காரவைத்து, வாசலில் கிடந்த செருப்புகளை எண்ணினேன். ஏழு மாலைகள் அவள் விரலால் மட்டும் எண்ணினாள். எட்டாம் நாள் ஜோடி ஜோடியாக எண்ணி, எழுபத்தெட்டு என்றேன். வேண்டுமென்றே தப்பாக எண்ணவில்லை, கண் ஏமாற்றிவிட்டது.

“எழுவத்தேழு” என்றாள் ரோஸ்லின். குரல் கரகரத்தது. “அது ஒத்தச் செருப்பு. எங்கப்பாவோடதும் ஒத்ததான் வந்துச்சு. அம்மா ஒளிச்சி வச்சிகீது.”

பிள்ளை பயந்துவிடும் என்றுதான் மேரி ஒளித்திருந்தாள். செம்பைத் தரையில் வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினாள். அந்த ஒற்றைச் செருப்பை முந்தானையில் சுற்றிக்கொண்டுவந்து மகள் மடியில் வைத்தாள். ரோஸ்லின் அழுதாள், நான்கு மாதத்து அழுகை. வெளியே வந்தவர்கள் சுற்றி நின்றார்கள். யாரும் ஊதவில்லை. கொழுந்தன் அதற்குப் பிறகு அந்த இடத்தின் பேரை எடுக்கவில்லை.

பிறகு கார்ப்பரேஷனிலிருந்து ஓர் அதிகாரி வந்தார். ரங்கூன் சர்டிபிகேட் இங்கே செல்லாது, நடைபாதையில் பெஞ்சும் கூடாது என்றார். செல்லாவிட்டால் போகட்டும், பிள்ளைகள் யாரும் அதைக் கேட்கவில்லை என்றேன். பெஞ்சைத் தூக்கிப் போனார்கள், வேறொன்று போட்டேன். அதுவும் போயிற்று. மூன்றாவதும் போனபோது மேரி கேட்டாள்: “இன்னா நைனா, அவனுங்க வூட்ல கல்யாணமா?”

நான்காவது பெஞ்சிலிருந்து இதை எழுதுகிறேன். இதுவரை நாற்பத்து மூன்று பிள்ளைகள். என்னோடு கப்பலில் வந்தவர்களே, உங்கள் தெருவிலும் இப்படி ஒரு வாசல் இருக்கும். அனுமதிக் காகிதத்துக்குக் காத்திருக்க வேண்டாம்.

துறைமுகத்தில் கப்பல் கிளம்பும் சத்தம் கேட்டால் இப்போதும் என் தலை கிழக்கே திரும்புகிறது. கை மட்டும் பக்கத்துப் பிள்ளையின் தோளில் இருக்கிறது. ஒருமுறை ரங்கூன் போய் வீட்டுக்காரியின் கல்லறையைப் பார்த்துவரக் கப்பல் கூலி சேர்த்து வைத்திருந்தேன். நான்கு பெஞ்சு, ஆறு சிலேட்டு, ஒரு பெட்டி பல்பம் போக அதில் மிச்சமில்லை. போனது இருநூற்றுப் பதினெட்டு ரூபாய் அறுபது பைசா.