முசுறு கடித்த ஞாயிறு

எங்கள் சபையில் ஆராதனை நடக்கும்போது யாராவது திடீரென்று எழுந்து நின்றால், பக்கத்தில் இருப்பவர் குனிந்து, "என்ன, முசுறு கடிச்சிட்டா?" என்று கேட்பார். கேட்டவர் சிரிப்பார், நின்றவரும் சிரிப்பார். எனக்கு மட்டும் பற்றிக்கொண்டு வரும். ஏனென்றால் அந்தக் கேலிப்பேச்சு பிறந்ததே என் சித்தியால்தான்.

ஊர் சொல்லும் கதை இது. எங்கள் பக்கம் கல்யாணம் நிச்சயமானால், பொண்ணு மாப்பிள்ளை பெயரை மூன்று ஞாயிறு சபையில் வாசிப்பார்கள். வாசித்துவிட்டு, "தடை ஏதும் தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லலாம்" என்று போதகர் கேட்பார். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சொல்வார்கள் என்று போதகரும் எதிர்பார்க்க மாட்டார். நான் கைக்குழந்தையாக இருந்தபோது வந்த ஒரு குருத்தோலை ஞாயிறு அது. சபை முழுக்கத் தென்னங்குருத்தும் கையுமாக உட்கார்ந்திருக்கிறது. போதகர் கேட்கிறார். பெண்கள் பக்கம் இரண்டாவது பெஞ்சிலிருந்து, அன்றைக்குக் கல்லூரிப் பெண்ணாக இருந்த என் சித்தி எழுந்து நிற்கிறாள். போதகர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "என்ன மோளே?" என்கிறார். சித்தி முழி முழி என்று முழித்துவிட்டு, "ஒண்ணுமில்ல அய்யா, முசுறு கடிச்சிட்டு" என்று சொல்லி உட்கார்ந்துவிடுகிறாள்.

முசுறு என்றால் மரத்தில் இலைகளைச் சேர்த்துக் கூடு கட்டும் சிவப்பு எறும்பு. கடித்தால் யாரும் துள்ளி எழத்தான் செய்வார்கள். ஆனால் ஊர் நம்பவேண்டுமே! முசுறும் இல்லை, கிசுறும் இல்லை, அந்த மாப்பிள்ளை மேல் இவளுக்கு ஒரு கண் என்று அன்று சாயங்காலத்துக்குள் முடிவு கட்டிவிட்டார்கள். பொண்ணு வீட்டில் கல்யாணத்தைத் தள்ளிப் போட்டார்கள். தள்ளிப் போட்ட கல்யாணம் அப்படியே நின்றுபோனது. மாப்பிள்ளை பிறகு வேறு இடத்தில் கட்டி, தக்கலை ரோட்டில் இரும்புக்கடை வைத்து நன்றாக இருக்கிறார். ஆனால் அன்றிலிருந்து சித்தியின் முகத்தை அவர் ஏறிட்டுப் பார்த்ததில்லை. சித்தி ஒரு தாழ்ப்பாள் வாங்கப் போனால்கூட, கடைப் பையனிடம் கண்ணைக் காட்டிவிட்டு உள்ளே போய்விடுவார்.

சித்திக்கும் கல்யாணம் ஆனது, ஒரு மகள் பிறந்தாள், டீச்சர் வேலை கிடைத்தது. பெயர் மட்டும் முசுறு டீச்சர்தான்.

இந்தக் கதைக்குள் பாட்காஸ்ட் எப்படி வந்தது என்று சொல்கிறேன். 2015 வாக்கில் சித்தியின் மகள், அதாவது என் தங்கச்சி, திருவனந்தபுரத்தில் படித்து முடித்து, காதில் சதா ஒயரோடு ஊருக்கு வந்து சேர்ந்தாள். பழைய சங்கதிகளைத் திரும்பத் தோண்டி, ஊர் தப்பாக நினைத்ததைச் சரிசெய்கிற பாட்காஸ்ட் ஒன்றை அவள் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள். "அக்கா, நம்ம ஊருல இல்லாத மர்மமா? நாம தொடங்குவோமா?" என்றாள். எனக்குத் தக்கலையில் ஒரு ஆபீஸில் சீல் குத்துகிற வேலை. தொடங்காமல் இருப்பேனா!

'அன்னைக்கு நெசமா என்ன மக்கா நடந்து?' என்று பெயர் வைத்தோம். ரெக்கார்டிங் எங்கள் வீட்டுப் புகைப்புரையில். ரப்பர் ஷீட்டுகளை உலர்த்துகிற அந்தச் சின்ன அறையில், நாலு பக்கமும் ஷீட்டு தொங்குவதால் எதிரொலி துளிகூட இருக்காது. நாற்றம் இருக்கும். ஒரு மணி நேரம் பேசிவிட்டு வெளியே வந்தால் பஸ்ஸில் பக்கத்து சீட்டில் யாரும் உட்கார மாட்டார்கள். "ஸ்டூடியோவுல கூட இப்பிடி ஒரு சவுண்டு கிட்டாதுக்கா" என்பாள் தங்கச்சி, மூக்கைப் பொத்திக்கொண்டு.

முதல் எபிசோடு என் மாமாவைப் பற்றியது. குழித்துறை வாவுபலிப் பொருட்காட்சியில் ராட்டினத்தில் ஏறி, பயத்தில் அலறியவர் என்று பெயரெடுத்தவர். விசாரித்தால், மாமாவுக்கு உயரம் என்றால் பயமே கிடையாது. டியூஷன் என்று சொல்லிவிட்டு ராட்டினம் ஏறிய மனிதர், மேலே போய்க் கீழே பார்த்தால், டிக்கெட் வரிசையில் அவருடைய அப்பா! யார்தான் அலற மாட்டார்கள்? இதைப் போனில் எங்கள் சபைக் குரூப்பில் போட்டோம். குவைத்தில் இருக்கிறவர்கள் வரை கேட்டுச் சிரித்தார்கள். மாமா எங்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு சுரிதார் துணி எடுத்துத் தந்தார். அதோடு எங்கள் தலைக்கனம் புகைப்புரைக் கூரையை இடித்தது.

அந்தச் சமயத்தில்தான் சித்தியின் பெயர் சபைச் செயலாளர் பதவிக்கு வந்தது. அதுவரைக்கும் எங்கள் சபையில் ஒரு பெண் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. சித்திக்கு அந்தப் பதவி மேல் அப்படி ஒரு ஆசை. காரணம் கேட்டால் ஃபேன் என்பாள். ஆண்கள் பக்கம் ஃபேன் எல்லாம் பறக்கிறது, பெண்கள் பக்கம் ஃபேன் பிரசங்கம் கேட்டுத் தூங்கியது போல அசையாமல் நிற்கிறது. "இத ஒரு பொம்பள செயலாளரா வந்தாத்தான் செரியாக்க முடியும்" என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

போட்டி இல்லை. ஆனால் போட்டி இல்லாத பெயரையும் சபையில் வாசித்து, ஆட்சேபணை உண்டா என்று கேட்பது எங்கள் வழக்கம், கல்யாணத்துக்குக் கேட்கிற மாதிரியே. சித்தி பயந்தது அதற்குத்தான். "ஒரே ஒரு ஆளு எழும்பினா போரும். முசுறு முசுறுன்னு சபையே சிரிக்கும். சிரிப்பாணியில செயலாளரு ஆக எனக்கு வேண்டாம், பெயர வாபஸ் வாங்கிருவேன்" என்றாள். யார் எழும்புவார் என்று அவள் சொல்லவில்லை. இரும்புக்கடைக்காரர் ஆண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் உட்காருகிறவர் என்பது எங்களுக்குத் தெரியாதா என்ன!

அடுத்த எபிசோடு தானாக முடிவாகிவிட்டது. அன்றைக்குக் கடித்தது முசுறுதான், ஆசையும் இல்லை கீசையும் இல்லை என்று சாட்சியோடு நிரூபிக்க வேண்டும். முதல் சாட்சி என் அம்மா. சித்தியின் கூடப்பிறந்த அக்கா, அன்றைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள். இதைவிட நல்ல சாட்சி உண்டா?

அம்மா பட்டுச்சேலை உடுத்திக்கொண்டு புகைப்புரைக்கு வந்தாள். "அம்மா, இதுல குரல் மட்டும்தான் கேக்கும்." "குரலுக்கும் ஒரு மரியாத வேண்டாமா?" என்றாள். தங்கச்சி ரெக்கார்டரைத் தட்டி, "பெரியம்மா, அந்தக் குருத்தோலைகள்ல முசுறு இருந்ததா?" என்று கேட்டாள்.

"முசுறா!" அம்மாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நல்ல கதையா இருக்கே! அதுக்கு முந்தின வருசம் போதகருக்க அங்கிக்குள்ள முசுறு கேறி, மனுசன் பாதி ஜெபத்துல கெடந்து துள்ளிச் சாடினாரு. அதனால அந்த வருசம் வாலிபர் சங்கத்துப் பிள்ளைய நாங்க எல்லா ஓலையையும் உப்புத்தண்ணியில முக்கி, ஒவ்வொண்ணா தொடச்சு வச்சோம். அந்த வேலைக்கு நாந்தான் தலைவி. ஒரு முசுறு? ஒரு முசுறுக்க கால் கூட கெடையாது! வேதப்புஸ்தகத்துல கைவச்சுச் சொல்லுவேன்!"

நானும் தங்கச்சியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். அம்மா மட்டும் வெற்றிப் புன்னகையோடு, "போருமா? இல்ல இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லணுமா?" என்றாள்.

சித்தியின் ஒரே சாக்கையும் சொந்த அக்காவை வைத்தே உடைத்துவிட்டோம். இதை வெளியே விடக்கூடாது என்று தீர்மானம் போட்டோம். மறுநாள் தங்கச்சி, எந்த இடத்தை வெட்டலாம் என்று என்னிடம் கேட்பதற்காக, தக்கலை பஸ்ஸில் ஒற்றைக் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு அந்த ரெக்கார்டிங்கை அனுப்பினாள். எனக்கு அனுப்பியதாகத்தான் நினைத்தாள். என் பெயருக்கு மேலே சபைக் குரூப் இருந்திருக்கிறது.

அனுப்பினதை எல்லாருடைய போனிலிருந்தும் அழிக்கிற வசதி அப்போது வந்திருக்கவில்லை. முதலில் ஒரு பெரியவர் 'ஆமென்' போட்டார். அவர் எல்லாவற்றுக்கும் ஆமென் போடுகிறவர். அடுத்தது ஒரு கேள்வி: 'அப்ப கடிச்சது எது?' அதற்குக் கீழே வரிசையாகச் சிரிக்கிற முகங்கள். நான் ஆபீஸில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன், சீல் குத்த வேண்டிய கை அப்படியே நிற்கிறது.

சாயங்காலம் சித்தி ஸ்கூட்டரில் வந்து இறங்கினாள். ஹெல்மெட்டைக் கழற்றாமலே நடுவீட்டில் நின்று ஏசத் தொடங்கினாள். "ஏட்டி, ஒங்க ரெண்டுவேரையும் பெத்து வளத்ததுக்கு ரெண்டு தென்னம்பிள்ளைய வச்சிருந்தா இப்பம் காய் பறிக்கலாம்! அக்கா, ஒனக்கு ஓலை கழுவினதுக்குப் பட்டம் வேணுமா?" ஹெல்மெட்டுக்குள் இருந்து வந்ததால் பாதி கேட்கவில்லை. அம்மா, "கழுவினதக் கழுவினேன்னு சொல்லப்பிடாதா?" என்று முனகினாள். எனக்குப் பயத்தோடு சிரிப்பும் வந்து தொலைத்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"செரி அம்மா, முசுறு இல்லன்னா, நெசமா எதுக்குத்தான் எழும்பின?" என்று கேட்டாள் தங்கச்சி.

சித்தி ஹெல்மெட்டைக் கழற்றினாள். கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. "ஒருத்திக்கு வாக்கு குடுத்திருக்கேன் மக்கா. பறைய மாட்டேன். நாளைக்கே போயி பெயர வாபஸ் வாங்குதேன்" என்றாள். அந்த நேரம் எனக்குத் தங்கச்சி மேலும், என் மேலும், உலகத்தில் உள்ள எல்லா பாட்காஸ்ட் மேலும் அப்படி ஒரு வெறுப்பு வந்தது.

மறுநாள் காலையில், இரவு எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்ட சித்தி புறப்படுவதற்கு முன்பே, குவைத்திலிருந்து குரூப்பில் ஒரு குரல் வந்தது. அன்றைய கல்யாணப் பொண்ணு! இப்போது அங்கே நர்ஸ்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். அன்னைக்கு அவள எழும்பச் சொன்னது நான். எனக்கு நர்சிங்குக்கு எடம் கெடச்சிருந்து. அப்பா, கல்யாணம்தான்னு ஒரே பிடியா நின்னாரு. அவருகிட்டப் பேச எனக்குத் தைரியம் இல்ல. 'ஏட்டி, நீ எழும்பி எப்பிடியாவது நிறுத்து, என்ன சொல்லணும்னு நான் சொல்லித் தாறேன்'னு அவகிட்ட அழுதேன். சொல்லிக் குடுக்க மறந்து போயிட்டேன்! பாவம், எழும்பி நின்னவளுக்கு என்ன தெரியும்? முசுறுன்னு சொல்லிட்டா. நீங்க எல்லாரும் கூடி வேற கதை கட்டினிய. அதுல அப்பா பயந்து கல்யாணத்தத் தள்ளினாரு, அந்தக் கேப்புல நான் படிக்கப் போயிட்டேன். அப்பா இருக்கது வரைக்கும் வெளிய சொல்லாதன்னு அவகிட்ட வாக்கு வாங்கினேன். அப்பா போயி வருசம் எத்தனையோ ஆச்சு, வாக்க நான் திருப்பிக் குடுக்கவும் மறந்துட்டேன். இப்பம் குடுக்கேன் மக்கா. அந்த மாப்பிள்ளை மேலயும் ஒரு குத்தமும் கெடையாது. அவரு தங்கமான ஆளு. நான்தான் படிக்க ஆசப்பட்டேன்."

அதைக் கேட்டதும் சித்தி சிரித்தாள். அப்படி ஒரு சிரிப்பை நான் அவளிடம் கண்டதில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, கண்ணீர் வழிய, "மறந்துட்டாளாம்! எனக்கு அங்க நின்னு காலு வெறைக்குது, இவ ஓலைய வச்சு முகத்த மறச்சிட்டு இருக்கா!" என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். அம்மா சிரித்தாள், தங்கச்சி தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். பெயரை வாபஸ் வாங்க யாரும் போகவில்லை.

குரூப்பில் எல்லாரும் என்னென்னவோ எழுதினார்கள். பெரியவர் ஆமென் போட்டார். இரும்புக்கடைக்காரர் மட்டும் ஒரு வார்த்தை போடவில்லை. கேட்டுவிட்டார் என்று குவைத்துக்காரி தன் போனில் பார்த்துச் சொன்னாள், அவ்வளவுதான். ஞாயிறு வரைக்கும் எங்களுக்குச் சோறு இறங்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சபை நிறைந்து வழிந்தது. கிறிஸ்துமஸுக்கு மட்டும் தலைகாட்டுகிறவர்கள்கூட வந்திருந்தார்கள். இப்போதுள்ள போதகர் இளைஞர். சித்தியின் பெயரை வாசித்தார். "ஆட்சேபணை உள்ளவர்கள் எழுந்து நிற்கலாம்" என்றார். பெண்கள் பக்கம் ஒரு விசிறிகூட அசையவில்லை. சித்தி பாட்டுப் புத்தகத்தை மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

ஆண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் இரும்புக்கடைக்காரர் எழுந்து நின்றார்.

தங்கச்சி என் கையில் நகத்தால் கிள்ளினாள், தடம் ஒரு வாரம் இருந்தது. போதகர், "சொல்லுங்க" என்றார். கடைக்காரர் தொண்டையைச் செருமினார், கூரையைப் பார்த்தார், பிடரியைச் சொறிந்தார்.

"ஒண்ணுமில்ல அய்யா, முசுறு கடிச்சிட்டு" என்றார்.

சபையில் வெடித்தது பாருங்கள் ஒரு சிரிப்பு! போதகர் பிரசங்க மேடையைப் பிடித்துக்கொண்டு குலுங்கினார். இரும்புக்கடைக்காரரின் மனைவி எங்களுக்கு முன் பெஞ்சில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கும்போது பார்த்தால், சித்தியும் எழுந்து நிற்கிறாள். நடுப்பாதைக்கு அந்தப் பக்கம் நின்றவரை நேராகப் பார்த்து, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவரிடம் பேசினாள்.

"ரொம்பக் கடிச்சிட்டா?"

"மொதல்ல நல்ல வேதனை இருந்து டீச்சரே. இப்பம் கொறஞ்சிட்டு" என்று சொல்லிவிட்டு, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு அவர் உட்கார்ந்தார்.