பசையில் சுண்ணாம்பு ஊற்றும் நேரம்

என் எழுத்து கோணல்மாணலாக இருக்கும். ஐந்தாவது வரைக்கும்தான் படித்தேன். அதற்குப் பிறகு எழுதியதெல்லாம் மளிகைச் சீட்டும், மாதா கோயில் பூசையில் யாருக்காக வேண்டிக்கொள்ள வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிற சீட்டும்தான். மறதியும் வந்துவிட்டது. எது முன்னே நடந்தது, எது பின்னே நடந்தது என்று சில இடத்தில் தடுமாறுவேன். பொறுத்துக்கொள்ளுங்கள். யார் பெயரையும் எழுதவில்லை, என் பெயரையும் எழுதவில்லை. அப்படித்தான் எனக்கு நிம்மதி.

வில்லியனூர் பக்கத்தில் எங்கள் ஊர். மகள் ஒரு ஷெட் வைத்திருக்கிறாள். நூல் மில்லில் நூல் சுற்றுவதற்கு அட்டைக் குழாய் வேண்டும். பழுப்புக் காகிதத்தைப் பட்டையாக வெட்டி, பசை தடவி, இரும்புத் தண்டில் சுற்றி உருவி எடுத்தால் அதுதான் குழாய். மகளோடு நாலு பெண்கள் சுற்றுகிறார்கள். பசை காய்ச்சுவது நான். விடியலில் கோயில் முதல் மணி அடிக்கும்போதே ஷெட்டுக்குப் போய், மரவள்ளி மாவைக் கரைத்து, அண்டாவில் கிண்டி இறக்கிவிடுவேன். மற்றவர்கள் வரும்போது பசை தயாராக இருக்கும்.

மழைக்காலம் என்றாலே எங்களுக்குப் பயம். குழாய் ஈரம் வாங்கிப் பிரிந்துவிடும், உள்ளே பூசணம் பூக்கும். ஒரு வருடம் ஒரு லோடு முழுக்கத் திரும்பி வந்தது. இன்னொரு முறை இப்படி ஆனால் வேறு இடம் பார்த்துக்கொள்வோம் என்று மில்லில் சொல்லியனுப்பினார்கள். அந்த ஒரு மில்லை நம்பித்தான் ஷெட்டே நடந்தது.

அந்த வருடம் என் கையில் ஒரு தவறு நடந்தது. சுவருக்கு வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு ஊறவைத்திருந்தேன். பசை கெட்டியாகிவிட்டதே என்று, மேலே தெளிந்திருந்ததைத் தண்ணீர் என்று நினைத்து மொண்டு ஊற்றிவிட்டேன். பயத்தில் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்று சுற்றிய குழாய்கள் மட்டும் மழை முழுக்கப் பிரியவில்லை, பூசணமும் இல்லை. மறுபடி மறுபடி செய்து பார்த்தேன். ஊற்றுகிற நேரத்தில்தான் எல்லாம் இருக்கிறது. முந்தினால் நீர்த்துப்போகும், பிந்தினால் கட்டி தட்டும். சுண்ணாம்பு சேர்ப்பது மகளுக்குத் தெரியும், அந்த நேரத்தை மட்டும் அவளுக்குக்கூட நான் சொன்னதில்லை.

அதற்குக் காரணம் உண்டு. கல்யாணத்துக்கு முன்னால் பாகூர் பக்கம் ஒரு காகிதப்பை கம்பெனியில் வேலை பார்த்தேன். பைக்கு ஒரு மடிப்பு மிச்சமாகிற மாதிரி ஒரு வழி எனக்குத் தோன்றியது. வெட்கப்பட்டுக்கொண்டே முதலாளியிடம் காட்டினேன். நல்லாயிருக்குதே என்றார். அடுத்த வாரமே எல்லோரும் ஒரு நாளைக்கு மடிக்க வேண்டிய பை இரண்டு மடங்கு ஆனது. கூட வேலை செய்தவர்கள் என் பக்கத்தில் சாப்பிட உட்காரவில்லை. அன்றிலிருந்து, தெரிந்தது கையில் இருக்கட்டும், வாய்க்கு வர வேண்டாம் என்று இருந்துவிட்டேன்.

போன வருடம் மகள் ஏதோ ஒரு கூட்டத்துக்குப் போய் வந்தாள். சின்னத் தொழில் செய்கிறவர்கள் புதிதாக எதையாவது கண்டுபிடித்திருந்தால், அதைச் சோதித்துப் பார்க்கவும் மேலே கொண்டுபோகவும் அரசாங்கம் ஆராய்ச்சி உதவி கொடுக்கிறதாம்.

"எம்மா, உன் பசைய வச்சிதான் எழுதிப் போடப் போறேன். பாஸாயிட்டா குழாய் காயவைக்கிற மெஷினு வரும். மழைல குழாய் காயாம, லோடு லேட்டாயி, மில்லுக்காரங்ககிட்ட கையக் கட்டிக்கினு நிக்க வேணாம்."

"சும்மா குடுத்துடுவானா கவர்ன்மென்ட்டு?"

"சும்மா இல்லமா. எப்படிச் செய்றோம்னு சொல்லணும்."

"அதான பாத்தேன்."

கம்பெனிகள் நிறைந்த சேதராப்பட்டில் இருக்கிற மில்லுக்குக் குழாய் ஏற்றிக்கொண்டு போகிற லோடு ஆட்டோக்காரர் இதைக் கேட்டுக்கொண்டிருந்தார். மகள் உள்ளே போனதும் என்னிடம் வந்தார்.

"ஆயா, நான் தெனம் சேதராப்பட்டு போய் வர்றவன். எனக்குத் தெரியாதா? இன்னிக்கு நீ வாயத் தொறப்ப. நாளைக்குப் பெரிய கம்பெனிக்காரன் மெஷினு போட்டுப் பண்ணுவான். நீ அண்டாவக் கவுத்துட்டு வூட்ல குந்திக்கினு இருக்க வேண்டியதுதான்."

கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஆமா, அந்த மூடி வச்ச பானைல இன்னா இருக்குது?" என்றார்.

அவரையும் நான் நம்பவில்லை. சுண்ணாம்புத் தெளிவு வைத்திருந்த பானையை அன்றே இடம் மாற்றினேன்.

விண்ணப்பம் போன பிறகு, சோதனை செய்கிற இன்ஜினியரிங் காலேஜிலிருந்து ஒரு வாத்தியார் வந்தார். நல்ல வெயில். மகள் டீ கொடுத்தாள். வேண்டாம் என்று தள்ளிவைத்தார். அந்த வெயிலில் வந்து ஒரு வாய் டீ குடிக்காதவரை என்னவென்று நினைப்பது? அண்டாவைப் போட்டோ எடுத்தார், கரண்டியை எடுத்தார், என் கையையும் எடுத்தார். நான் முந்தானையால் கையை மூடிக்கொண்டேன்.

"எப்பவும் செய்ற மாதிரியே செய்ங்கம்மா. நான் எழுதிக்கிறேன், அவ்ளோதான்."

எழுதியது யாருக்குப் போகும் என்று மகளின் காதில் கேட்டேன். அவள் அதைச் சத்தமாகவே அவரிடம் கேட்டுவிட்டாள்.

"கமிட்டிக்குப் போகும்மா. தொழில் தெரிஞ்ச பெரியவங்க இருப்பாங்க."

தொழில் தெரிந்தவர்கள் என்றால் தொழில் வைத்திருக்கிறவர்கள்தானே. அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன். பசை தளதளவென்று கொதிக்கும்போதே சுண்ணாம்புத் தெளிவை எடுத்து ஊற்றினேன்.

"இப்பவா ஊத்துவீங்க?"

"இப்பதான்."

எழுதிக்கொண்டார். அந்தப் பசையில் அவர் எதிரிலேயே குழாய் சுற்றினார்கள். ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு போனார்.

சில வாரம் கழித்து மகளின் போனுக்குச் செய்தி வந்தது. ஈரக்காற்றில் வைத்த குழாய் எல்லாமே பிரிந்துவிட்டதாம். காகிதக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"இன்னும் ஒரு வாட்டிதான் பாப்பாங்களாம். அதுலயும் போச்சின்னா அவ்ளோதான். மெஷினு இல்லாம இந்த மழைக்கும் லோடு லேட்டானா மில்லுக்காரன் விடமாட்டான்மா."

என்னைத் திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் என் மேல் சந்தேகமே படவில்லை.

சனிக்கிழமை கோயிலுக்குப் போய், சாமியாரிடம் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்ய முழந்தாளிட்டேன்.

"பொய் சொன்னேன் சாமி."

"யாருகிட்டம்மா?"

"கவர்ன்மென்ட்டுகிட்ட."

"எதைப் பத்தி?"

"அத்த சொல்லமாட்டேன் சாமி."

சாமியார் இருமினார். சிரித்தார் என்றுதான் நினைக்கிறேன். அங்கே சொல்வது வெளியே போகாது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் பசை விஷயம் வேறு.

"சரி, எங்கிட்ட வேணாம். யாருகிட்ட பொய் சொன்னீங்களோ அவங்ககிட்ட போய் உண்மையச் சொல்லுங்க. அதோட அருள் நிறைந்த மரியே ஜெபம் மூணு சொல்லுங்க."

மூன்றையும் அங்கேயே முழந்தாளிட்டுச் சொல்லி முடித்தேன். மற்றதைத் தள்ளிப்போட்டேன்.

நான் போகவில்லை, வாத்தியாரே வந்துவிட்டார். மேஜைமேல் இரண்டு குழாயை வைத்தார். ஒன்று சுருள் சுருளாகப் பிரிந்து கிடந்தது. இன்னொன்று கல் மாதிரி இருந்தது.

"ரெண்டுமே உங்க ஷெட்டுதான். பிரிஞ்சது, அன்னிக்கு என் எதிர்ல செஞ்சது. இன்னொண்ணு, வாசல்ல லோடுக்குக் கட்டி வச்சிருந்ததுல ஒண்ணு. ரெண்டையும் ஒரே ஈரத்துலதான் வச்சேன். இது மட்டும் அப்படியே இருக்கு. எப்படிம்மா?"

மகள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். எனக்கோ வேறு ஒன்று உறுத்தியது. அதுவரை நான் அவர் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை.

"எப்ப எடுத்தீங்க?"

"போகும்போதும்மா."

"யாரக் கேட்டு?"

அவர் திகைத்துவிட்டார். "கேக்கல. தப்புதான்."

"சாரையே கேள்வி கேக்குறியா? நீ இன்னா பண்ண, அத்த சொல்லு மொதல்ல," என்றாள் மகள்.

சொன்னேன். நேரம் மாற்றி ஊற்றினேன் என்று சொன்னேன். மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "பெத்த பொண்ணயுமாம்மா நம்பல?"

வாத்தியார்தான் சமாதானம் செய்தார். "விடுங்க. அவங்க சொல்லாம வச்சாங்க, நான் சொல்லாம எடுத்தேன். ரெண்டும் சரியாப் போச்சு."

"சரியாவல," என்றேன். "நான் வச்சதும் என்னுது. நீங்க எடுத்ததும் என்னுது."

அவர் பையிலிருந்து விண்ணப்பத்தை எடுத்து ஒரு பக்கத்தைத் திருப்பினார். கண்டுபிடித்தவர் யார் என்று கேட்கிற கட்டம் என்று ஒன்றைக் காட்டினார். மகள் அதில் ஷெட்டின் பெயரைப் போட்டிருந்தாள்.

"இத அடிச்சிட்டு உங்க பேர எழுதுங்க. பின்னாடி யாராவது செஞ்சாலும், இது மொதல்ல உங்களுதுன்னு காட்ட ஒரு பேப்பர் இருக்கும்."

"காட்டினா நிறுத்திடுவாங்களா?"

"அது எனக்குத் தெரியலம்மா. ஆனா பேப்பர் இல்லன்னா கேக்கவே முடியாது."

தெரியாததைத் தெரியவில்லை என்று சொன்னாரே, அதனால்தான் பேனாவை வாங்கினேன். என் கையாலேயே எழுதினேன். பெயரின் கடைசி எழுத்து கட்டத்துக்கு வெளியே போய்விட்டது. ஒரு ஜெராக்ஸ் வேண்டும் என்றேன். அனுப்பிவைக்கிறேன் என்றார். இப்பவே வேண்டும் என்றேன். மகள் முணுமுணுத்துக்கொண்டே ஸ்கூட்டியில் வில்லியனூருக்குப் போனாள். அவள் வரும்வரை ஷெட்டில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தோம். சும்மா இருக்கவும் கூச்சமாக இருந்தது. டீ போடட்டுமா என்றேன்.

"எனக்கு சுகரும்மா. சக்கரை போடாம குடுத்தா குடிப்பேன்."

அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம்.

மறுநாள் முதல் மணிக்கே வந்தார். மகளும் நானும் அவரும் மட்டும் இருந்தோம். அவரே போனை எடுத்து மேஜைமேல் கவிழ்த்துவைத்தார். சரியான நேரத்தில் ஊற்றினேன். எதற்காக அந்த நேரம் என்று கேட்டார், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. "நான் கண்டுபிடிச்சி சொல்றேன்," என்றார். அந்தப் பேச்சும் எனக்குப் பிடிக்கவில்லை. கண்டுபிடித்தது நான்தானே.

இரண்டாவது சோதனையில் ஒரு குழாயும் பிரியவில்லை. உதவி கொடுப்பதாகக் கடிதம் வந்துவிட்டது. மெஷின் இன்னும் வரவில்லை. அதுவரைக்கும் கடிதத்தைக் காட்டியே மகள் மில்லில் பேசி, இந்த மழைக்கும் லோடு ஆர்டர் வாங்கிவிட்டாள். இப்போது விடியலில் என்னோடு அவளும் அண்டா பக்கத்தில் நிற்கிறாள். ஊற்றுகிற நேரத்தில் கரண்டியை அவளிடம் கொடுத்துவிடுகிறேன்.

ஒன்றுதான் மனதில் கிடக்கிறது. கடிதத்தில் ஷெட்டின் பெயர் இருக்கிறது, காலேஜின் பெயர் இருக்கிறது. என் பெயர் இல்லை. "அது விண்ணப்பத்துல இருக்குதும்மா, லெட்டர்ல வராது," என்கிறாள் மகள். ஜெராக்ஸை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன். கடிதமும் இங்கிலீஷ், விண்ணப்பமும் இங்கிலீஷ். என்னால் படிக்க முடிந்தது அதில் என் பெயர் மட்டும்தான்.

இதை வாசிக்கிறவர்களில் இந்தக் காரியம் தெரிந்தவர்கள் இருந்தால், எனக்காகச் சரிபார்த்துச் சொல்லுங்கள். இப்படிக் கடிதத்தில் கண்டுபிடித்தவர் பெயர் வர வேண்டுமா, வேண்டாமா? நான் எழுதிய அந்தக் கட்டம் உண்மையிலேயே கண்டுபிடித்தவருக்கான கட்டம்தானா, இல்லை சாட்சிக் கையெழுத்துக்கானதா? மகளும் வாத்தியாரும் சொன்னது சரியாகத்தான் இருக்கும். இருந்தாலும் வேறு ஒருவர் ஒருமுறை பார்த்துச் சொன்னால் நல்லது.