தர்மராஜ் கையில் வெடிக்காத துப்பாக்கி

மங்கம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டால் நிற்காது. கல்யாண வீட்டில் பரவாயில்லை, துக்க வீட்டிலும் அப்படித்தான். ஒருமுறை கோலா கிளாவாங்கில் உறவுக்காரர் கருமாதியில் பூசாரியின் கைப்பேசி நடுவில் குத்துப்பாட்டுப் பாட, முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு வாழைத் தோப்புக்குள் ஓடினாள்.

மலேசியாவில் ரெம்பாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். தாயோடு பால்மரம் சீவப் போனாள். ரப்பர் போய் எண்ணெய் எடுக்கும் செம்பனை வந்ததும் மருந்து அடித்தாள். முதுகில் சுமந்த பம்பு மக்கர் பண்ணும்போதெல்லாம் கங்காணி மண்டோரைத் திட்டிக்கொண்டே தானே கழற்றி மாட்டியவள், கடைசியில் தோட்டத்து ஸ்டோரிலேயே ரிப்பேர் வேலைக்கு உட்கார்ந்துவிட்டாள். பக்தியும் குறைவில்லை. ஆயுத பூஜை அன்று ஸ்பேனர் முதல் லோரி சாவி வரை எதையும் விடமாட்டாள். திருநீறு, சந்தனம், குங்குமம் எல்லாமே தாராளம்.

அவள் கணவர் தர்மராஜ் செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிறார். வருடத்தில் ஒரு நாள் மட்டும் அவர் ராஜா. தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டியில் சிவப்புக் கோட்டும் வெள்ளைத் தொப்பியுமாக நின்று, ஓட்டத்தைத் தொடக்கிவைக்கும் துப்பாக்கியைச் சுடுவது அவர்தான். துப்பாக்கி என்றதும் பயப்பட வேண்டாம். சிரம்பானில் ஏதோ ஒரு கிளப் கழித்துவிட்டதைப் பள்ளிக்கூடம் வாங்கிய பழைய ரிவால்வர் அது. குழல் அடைத்தது. உருளையில் வெடி போட்டால் சத்தம் மட்டும் வரும்.

போன வருடம் சத்தமும் வரவில்லை. தர்மராஜ் கையை உயர்த்தி, விசையைக் கம்பீரமாக மெல்ல இழுத்தார். டிக் என்றது. மறுபடி இழுத்தார், மறுபடி டிக். பாதிப் பிள்ளைகள் ஓட, பாதிப் பிள்ளைகள் நிற்க, யாரோ அதை வாட்ஸ்அப்பில் விட்டு, தூரத்துச் சுவா ஊர் வரைக்கும் சிரித்தார்கள். மங்கம்மா வருடம் முழுவதும் சிரித்தாள். சோறு போடும்போது அவர் முகத்தைப் பார்த்து "டிக்" என்பாள். அவருக்கும் அது வேடிக்கைதான் என்று நினைத்திருந்தாள்.

இந்த வருடப் போட்டி நெருங்கியதும், தலைமையாசிரியர் பழுதுபார்க்கக் கொடுத்தனுப்பிய துப்பாக்கியை தர்மராஜ் ஸ்டோர் மேசையில் வைத்தார். தான் சுடப் போவதில்லை, பெற்றோர் சங்கத்து சசிதரன் விசில் ஊதிக்கொள்ளட்டும் என்றார்.

"என் கையில ராசி போச்சு மங்கா. என் தம்பியவே ஷாமினிக்குத் தாரை வாத்துக் கொடுக்கச் சொல்லலாம்னு இருக்கேன்."

ஷாமினி அவர்களுடைய ஒரே மகள். தை மாதம் கல்யாணம்.  இந்த மனுஷனை நாம் இத்தனை நாள் கேலி பண்ணியே கொன்றிருக்கிறோமே என்று மங்கம்மாவுக்கு வெட்கமாக இருந்தது.

அவர் போனதும் உள்ளே வெடி இல்லை என்று உறுதி செய்துகொண்டு, உருளையைக் கட்டைவிரலால் லேசாகப் பிடித்தபடி வெடியைத் தட்டும் சுத்தியை மெதுவாகப் பின்னுக்கு இழுத்தாள். ஸ்பிரிங் தளர்ந்துவிட்டது என்பதுதான் ஊர்ப் பேச்சு. ஸ்பிரிங் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சுத்தி முழுக்கப் பின்னால் வந்தும் உருளை தன் இடத்தில் போய்ப் பூட்டிக்கொள்ளவில்லை. மயிரிழை முன்னாலேயே நின்றது. விசையை வெடுக்கென்று இழுத்தால் அந்த வேகத்தில் சரியாகப் போய் உட்காரும். தர்மராஜைப் போல ராஜ தோரணையில் இழுத்தால், சுத்தி வெடியின் நடுவில் விழாமல் விளிம்பில் விழும்.

பக்கத் தகட்டைக் கழற்றினாள். உருளையைத் தள்ளுகிற சின்ன இரும்பு விரலின் முனை மழுங்கிப் போயிருந்தது. வருடத்துக்கு ஒரு நாள் சுடுகிற சாமானுக்கு இவ்வளவு தேய்மானம் எப்படி வரும்? அது ஓடும் பள்ளத்தில் சாம்பல் நிறத்தில் ஏதோ அப்பியிருந்தது. நகத்தால் சுரண்டி முகர்ந்து பார்த்தாள். சந்தன வாசம்.

ஆயுத பூஜைக்கு அதை வருடா வருடம் வீட்டுக்கு வாங்கி வரச் சொன்னவள் அவள்தான். சந்து பொந்து விடாமல் திருநீறு தூவிச் சந்தனம் அப்பியவளும் அவள்தான். அந்தத் தூள் எண்ணெயோடு சேர்ந்து இரும்பை அரம் போல அராவித் தின்றிருக்கிறது. அடிப்பாவி என்று தன்னையே திட்டிக்கொண்டாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன.

மண்ணெண்ணெயில் கழுவி, அந்த இரும்பு விரல் முனையில் துளி வெல்டிங் வைத்து, கொஞ்சம் அராவுவதும் மாட்டிப் பார்ப்பதுமாக உட்கார்ந்தாள். கூடுதலாக அராவினால் பழைய கதை, குறைத்தால் உருளை இறுகிக்கொள்ளும். எவ்வளவு மெல்ல இழுத்தாலும் உருளை ஒவ்வொரு இடத்திலும் பூட்டிக்கொண்ட பிறகுதான் எழுந்தாள். வீட்டுக்குப் போய், சுரண்டி வைத்த சந்தனத்தைக் கணவர் மூக்கருகே நீட்டினாள்.

"கோளாறு உங்க கையில இல்லீங்க. எங்கையில."

அவர் முகர்ந்தார், அவளைப் பார்த்தார், மறுபடி முகர்ந்தார். சிரிப்பு உதட்டோரம் வரை வந்து நின்றது. மைதானத்தில் வெடித்தால்தான் நம்புவேன் என்றார்.

போட்டி நாளன்று முதல் ஓட்டமே ஊர்ப் பெண்களுக்கானது. மங்கம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தொடக்கக் கோட்டில் நின்றாள். சிவப்புக் கோட்டுப் போட்ட தர்மராஜ் கையை உயர்த்தினார். சசிதரன் விசிலை வாயருகே வைத்துக்கொண்டு தயாராக இருந்தார். தர்மராஜ் அதே தோரணையில் மெல்ல இழுத்தார்.

டொம் என்ற சத்தத்தில் செம்பனைக் காட்டுக் காக்கைகள் மொத்தமும் கிளம்பின. பெண்கள் பாய்ந்தார்கள். மங்கம்மா மட்டும் கோட்டிலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஒரு அடி எடுத்து வைக்க முடியவில்லை, கண்ணில் நீர் கொட்டியது.

தர்மராஜ் தன் வலது கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவளிடம் நடந்து வந்தார்.

"தாரை நான் வாக்குறேன் மங்கா. தம்பி வந்து சாப்பிட்டுட்டுப் போகட்டும் லா."

மங்கம்மா அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டாள்.